கோகிலவாணி சொன்ன குறைகள்

கோகிலவாணி வாயைத் திறந்து குறை சொல்லும்வரை, தங்களுக்குக் காது என்று ஒன்று இருப்பதே ஓடப்பாளையத்துக்காரர்களுக்கு நினைவில் இல்லை. பேசுவதற்கு ஒரு வாயும் புறம் பேசுவதற்கு இன்னொரு வாயும் இருந்தன, காது என்பது பெண்களுக்குக் கம்மல் மாட்டவும் ஆண்களுக்குப் பென்சில் சொருகவும் ஆண்டவன் அடித்துவைத்த ஆணி என்று நினைத்துத்தான் அந்த ஊர் அதுநாள்வரை பிழைத்து வந்தது.

அந்த ஊர்க் கடைவீதியில் சென்னியப்பன் என்பவர் செல்போன் சாமான்களை மொத்த வியாபாரம் செய்துவந்தார். அவர் கடைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதெல்லாம் மலிவு ஹெட்செட்டுகள், நுனியில் ரப்பர் குமிழ் வைத்து, காதுக்குள் திருகி நுழைத்துக்கொள்கிற வகை. அதில் எந்தச் சரக்கை இறக்கலாம், எதை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பலாம் என்று சொல்வதுதான் கோகிலவாணியின் வேலை. கடைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்து, மூட்டைக்கு ஒன்றாக உருவி, குமிழைத் துணியால் துடைத்துக் காதில் வைத்து, முதலில் ஒரு நாயனக் கச்சேரியும் பிறகு ஒரு செய்தி அறிக்கையும் பிறகு யாரோ பதிவு செய்த அடைமழையும் கேட்பாள். கேட்டுக்கொண்டே வாயில் நாலு பொரிகடலையைப் போட்டு மென்று, தாடை அசையும்போது செட் நழுவுகிறதா, காது மடல் நோகிறதா என்று பார்ப்பாள். அப்புறம் கழற்றி, வயரைச் சுற்றி, ஒரே ஒரு குறையைச் சொல்வாள். பாராட்டு அவள் வாயில் வந்ததே கிடையாது.

புருஷன் வீட்டில் இருந்த காலத்தில், அடுப்பில் பால் பொங்குகிறது என்று அவள் சொன்னால்கூட ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து, கடைவீதிக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் குடியேறிவிட்டாள். இங்கே அவள் வேண்டாம் என்றால் லாரியே திரும்பிப் போனது. அந்த நாற்காலியை விட்டால் அவள் சொல் எடுபடுகிற இடம் இந்தப் பூமியில் வேறு இல்லை. அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், தனியாக இருக்கிற ஒரு பொம்பளை பட்டப்பகலில் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டே சம்பாதிக்கிறாள் என்பதில் ஊருக்கு அடிவயிறு எரிந்தது. வாணி என்று நேரிலும், காதுக்காரி என்று முதுகுக்குப் பின்னாலும் அவளைக் கூப்பிட்டார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. ஊரில் ஒருவரையும் அவளுக்குப் பிடிக்காது.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டிருந்த ஒரு காலையில் கோகிலவாணி ஒரு செட்டைக் கழற்றி, "அடிச்சத்தமே இல்லீங்ணா" என்றாள். கடைவாசலில் நின்று சுமைக்காரரை உரக்கத் திட்டிக்கொண்டிருந்த சென்னியப்பனின் குரல் பாதித் திட்டில் மெலிந்து, கொசு காதோரம் போவதுபோல ஆகிவிட்டது. அதே நொடியில் ஊரிலிருந்த கனத்த அடிச்சத்தம் முழுவதும் போனது. கோயிலில் உருமியைத் தேய்த்தவர்களுக்குக் குச்சி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. தப்பட்டை அடித்தால் பாத்திரம் தேய்ப்பதுபோல இருந்தது. எருமை வாயைத் திறந்தது, காற்றுதான் வந்தது. மீசை முறுக்கிய ஆண்கள் எல்லாம் கீச்சுக் குரலில் அதிகாரம் செய்யப் பார்த்து, பொண்டாட்டிமார் சிரிக்கவே, வாயை மூடிக்கொண்டார்கள்.

இதை ஊர் ஏன் எப்படி என்று ஆராயவில்லை. காதுக்காரி குறை சொன்னாள், குறை ஊருக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான், வேறு யார் வாய்க்கு அந்த விஷம் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். சாமி ஆடுகிறவர் தாளம் கேட்காமல், எதிரில் தப்பட்டைக்காரர் கை அசைவதைப் பார்த்தே ஆடப் பழகினார். வீட்டுப் பஞ்சாயத்து, பள்ளிக்கூடத்துப் பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் பெண்கள் முன்னால் போனார்கள், ஆண்கள் பின்னால் நின்று தலையாட்டினார்கள். சரி, இதுவே பழகிவிட்டது என்று ஊர் நிமிர்ந்தபோது, கோகிலவாணி அடுத்த மூட்டையைப் பிரித்து, "இடப்பக்கம் மந்தம்" என்றாள். அடிச்சத்தம் திரும்பி வந்தது, ஊரிலிருந்த எல்லோருடைய இடக்காதும் மந்தமானது. அப்போதுதான் அவர்களுக்குக் கணக்கு விளங்கியது: அவள் ஒரு குறை சொன்னால், அடுத்த குறையைச் சொல்லும்வரை ஊர் அதில்தான் குடியிருக்க வேண்டும்.

இடக்காது மந்தத்தையும் ஓடப்பாளையம் வெகு சீக்கிரத்தில் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. மாமியாருக்கு வலப்பக்கம் யார் உட்காருவது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை வந்தது, ஏனென்றால் ஒருவரும் அந்தப் பக்கம் உட்காரத் தயாராக இல்லை. பாத்திரக்கடை நாச்சிமுத்து, அவர்தான் வியாபாரிகள் சங்கத் தலைவர், பேரம் பேச வருகிறவர்களுக்கெல்லாம் இடக்காதைக் காட்டி உட்கார்ந்து வியாபாரம் செய்தார். கல்யாணப் பந்தியில் பங்காளிகள் ஒருவருக்கொருவர் இடமாக உட்கார இடம் தேடி, மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இத்தனையும் செய்துகொண்டே, இந்தக் கேடு அவளால் வந்தது என்று வலக்காதுகளில் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாவது குறை சத்தத்தைப் பற்றியது இல்லை. "கொஞ்ச நேரத்துக்கு மேல தாங்காதுங்ணா, உறுத்தும்" என்றாள் கோகிலவாணி. அன்று மத்தியானத்துக்குள் ஊரில் எதுவும் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்காமல் போனது. செருப்பு உறுத்தியது, இடுப்புக் கயிறு உறுத்தியது, மூக்குக் கண்ணாடி உறுத்தியது, தாலிக்கொடியைப் பெண்கள் ஆளில்லாத நேரத்தில் கழற்றி ஆணியில் மாட்டினார்கள்; பிறகு மனிதர்களே உறுத்தத் தொடங்கினார்கள், ஒறம்பரையாக விருந்துக்கு வந்தவர்கள் காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள், டீக்கடை பெஞ்சில் ஒருவரும் நிலைக்கவில்லை, காதலித்து ஓடிப்போன ஜோடி ஒன்று பஸ் ஈரோட்டைத் தாண்டுமுன் இறங்கி, ஆளுக்கொரு பஸ் பிடித்துத் திரும்பி வந்தது. உள்ளூரச் சிலருக்கு இது பிடித்திருந்தது. சம்பந்தி வீட்டார் சீக்கிரம் கிளம்புவதில் யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை? ஆனால் அதற்காக ஒரு நன்றி சொல்ல அந்த ஊருக்கு நாக்கு எழவில்லை.

மாறாக அவளை ஒதுக்கினார்கள். டீக்கடையில் அவளுக்கு மட்டும் டம்ளர் இல்லை என்றார்கள். பால்காரர் அவள் வாசலைத் தாண்டிப் போனார். அவள் தெருவில் நடந்தால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். கோகிலவாணிக்கு இது வலித்தது, பொய் சொல்வானேன்; வலித்ததனாலேயே அவள் அடுத்த மூட்டையைப் பிரிக்காமல், உறுத்தல் ஊருக்கு நன்றாகச் சுவறி ஊறட்டும் என்று நாள் கடத்தினாள். தெரு முழுக்கச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டுவதை நாற்காலியில் உட்கார்ந்தும் எழுந்தும் பார்க்கையில் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பொறுக்கமுடியாமல் ஒரு நாள் சென்னியப்பனின் மனைவி அம்சவேணி கடைக்குள் வந்து, அவள் மடியில் ஒரு செட்டைப் போட்டாள்.

"ஏம்புள்ள, ஒருத்தி வயித்தெரிச்சலுக்கு ஊரே சீரழியணுமா? இதப் போட்டுக்கிட்டு நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லு."

"நல்லா இருந்தா சொல்றனுங்க்கா."

"இருந்தாலும் இல்லீனாலும் சொல்லு. வாய்க்கு என்ன வாடகையா?"

கோகிலவாணி போட்டுக் கேட்டாள், மென்று பார்த்தாள், கழற்றினாள். "நல்லாருக்குதுங்க்கா" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அம்சவேணி அங்கேயே நின்று வளையலைத் திருகிக் காத்திருந்தாள். வளையல் உறுத்தியது, கழற்றினாள்.

"பொய்யிக்கு அது நடக்காதாட்ட இருக்குதுங்க்கா" என்றாள் கோகிலவாணி. அவள் குரலில் இருந்த திருப்தியை அம்சவேணி கடைசிவரை மன்னிக்கவில்லை.

விஷயம் சங்கத்துக்குப் போனது. நாச்சிமுத்து யோசித்தார், யோசனை அவருக்கு அபூர்வமாகத்தான் வரும், வந்தால் ஊரே அதில் மாட்டும். இவள் பொய் சொன்னால் பலிக்காது, மெய் சொன்னால் மலிவுச் செட்டுக்குக் குறைதான் வரும். ஆகையால் உலகத்திலேயே உயர்ந்த செட் ஒன்றை வரவழைத்து அவள் காதில் வைத்து, மெய்யாகவே ஒரு நல்ல வார்த்தையை வாங்கிவிட்டு, அதோடு அவள் வாயை ஆயுசுக்கும் அடைத்துவிட வேண்டும், ஊர் அந்த நல்ல வார்த்தையிலேயே பரம்பரை பரம்பரையாகக் குடியிருக்கும். அடைப்பதற்கு ஓடப்பாளையத்தில் பூட்டு இருந்தது. மாரியம்மன் முன்னால் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தவர்கள் அதை மீறினால் வம்சம் தழைக்காது. மீறச் சொன்னவர்களுடைய வம்சமும் தழைக்காது. கற்பூரம் அணைத்துச் சொன்ன சொல்லை அந்த ஊரில் அதுவரை யாரும் மீறியதும் இல்லை, மீறச் சொன்னதும் இல்லை.

நாச்சிமுத்துவும் சென்னியப்பனும் அவள் அறைக்கு வந்தார்கள். உட்கார்ந்தால் உறுத்தும் என்பதால் நின்றே பேசினார்கள்.

"ஏனுங் அம்மிணி, நாங்க ஒண்ணும் உங்களுக்குக் கெடுதல் நெனைக்கலீங்க" என்றார் நாச்சிமுத்து. "ஒசந்த செட்டு ஒண்ணு வரவெச்சிருக்கறோமுங்க. கேட்டுப்போட்டு மனசுல பட்டதச் சொல்லிப்போடுங்க. அதுக்கப்புறம் எந்தச் செட்டப் பத்தியும் வாயத் தொறக்க மாட்டேன்னு கற்பூரம் அணைச்சுருங்க."

"அப்ப எம்பட நாற்காலி?"

சென்னியப்பன் சுவரைப் பார்த்தார். "அதுல இனி என்னம்மிணி இருக்குது. வாய் தொறக்காத ஆளுக்கு அங்க என்ன வேலை?"

"முடியாதுன்னா?"

"அப்பவும் அந்த நாற்காலி இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து, மிகவும் மரியாதையாக. "இந்த ரூமும் இருக்காதுங்க. பையத் தூக்கிக்கிட்டு வந்தீங்க, அதே பையோட பஸ் ஏத்தி உட்ருவமுங்க."

கோகிலவாணி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். துப்பலாமா என்றுதான் முதலில் தோன்றியது. நாற்காலி எப்படியும் போயிற்று, அவள் சொல் எடுபட்ட காலம் முடிந்தது. ஆனால் அந்த ஆத்திரத்துக்கு அடியில் ஒரு ஆசை கிடந்தது, வெட்கங்கெட்ட ஆசை. இத்தனை காலமும் குப்பையையே காதில் வாங்கியவள் அவள். நல்ல செட் எப்படிக் கேட்கும் என்று ஒரே ஒரு தரம், சாவதற்குள் ஒரு தரம், தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. சரி என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஊரே கூடியது. உட்கார்ந்தும் எழுந்தும் இடம் மாறியும் உறுத்தலைச் சமாளித்துக்கொண்டு, இன்றோடு இவள் தொல்லை ஒழிந்தது என்று கிழவர் முதல் கைக்குழந்தைக்காரி வரை முகம் மலர்ந்து இருந்தார்கள். முதலில் சத்தியம் என்றார் நாச்சிமுத்து, தீர்ப்பைச் சொல்லிவிட்டு நழுவிவிட்டால்? பூசாரி தட்டை நீட்டினார். "இன்னிக்கி நான் சொல்றதுதான் கடைசி" என்றாள் கோகிலவாணி. "இதுக்கு மேல எந்தச் செட்டப் பத்தியும் நல்லதோ கெட்டதோ சொல்ல மாட்டேன். ஆத்தா மேல சத்தியம்." எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தாள். சதை பொசுங்கிய வாடை வந்தது. ஊர் திருப்தியாக மூச்சுவிட்டது.

பெட்டியைத் திறந்து செட்டை எடுத்துத் துடைத்து, காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அதே நாயனக் கச்சேரிதான், ஆயிரம் முறை கேட்டது. ஆனால் இப்போது நாயனக்காரர் ஊதுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு கேட்டது, அந்த மூச்சில் கொஞ்சம் இளைப்பு இருந்தது. தவிலின் கனத்த பக்கமான தொப்பி அதிர்ந்து அடங்குவது கேட்டது, தவில்காரர் விரலில் மாட்டிய கூடு தோலில் படுவது தனியாகக் கேட்டது. கூட்டத்தில் எங்கேயோ ஒரு பெண், அந்தக் கச்சேரி நடந்த எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ, பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக ஏதோ சொல்லி மோதிரத்தைத் திருகுவது கேட்டது. மழையைப் போட்டாள், ஓட்டில் விழுகிற துளி வேறு, வாழையிலையில் விழுகிற துளி வேறு என்று தெரிந்தது. கோகிலவாணிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். இத்தனையும் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, தனக்குத்தான் ஒருவரும் கொடுக்கவில்லை.

நல்லாருக்குது என்று ஒரு சொல்லோடு அவள் முடித்திருக்கலாம். ஊர் கேட்டதும் அதைத்தான். ஆனால் அவள் தீர்ப்புச் சொல்கிறவள். கடைசித் தீர்ப்பை அரைகுறையாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பொரிகடலையை மென்று விழுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

"ஒண்ணுகூட மறையலீங்க. அடில இருக்கற பொடிச் சத்தங்கூட அப்படியே கேக்குது. காதுல இருக்கறதே தெரியல. இத ஒருக்காப் போட்டா அப்புறம் கழட்டவே முடியாது."

ஊர் கைதட்டியது. உறுத்தல் போய்விட்டது, செருப்பு இதமாக இருந்தது, நாச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார். கைதட்டல் ஓய்ந்தபோது, மண்டபத்துச் சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி யாரோ ஒருத்தியின் காதில், மெய்யாகவே காதோடு காதாக, "இந்த மனுசனக் கட்டுனதுக்கு நான் கெணத்துல உழுந்திருக்கலாம்" என்று சொன்னது, நாச்சிமுத்துவுக்கும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பக்கத்தில் நின்று சொன்னதுபோலத் துல்லியமாகக் கேட்டது.

அதிலிருந்து ஓடப்பாளையத்தில் எதுவும் மறையவில்லை. கதவைச் சாத்தி முணுமுணுத்தது மூன்று தெரு தள்ளிக் கேட்டது. மாமியார் தலையணையில் முகம் புதைத்து மருமகளைத் திட்டியது மருமகளுக்குக் கேட்டது, மருமகள் பல்லுக்குள் சொன்ன பதில் மாமியாருக்குக் கேட்டது. வாடிக்கையாளரைப் பார்த்து இளித்துக்கொண்டே வியாபாரி அடித்தொண்டையில் சொன்ன கெட்ட வார்த்தை, தெரு முனை திரும்பியவருக்கும் கேட்டது. அம்சவேணி தன் தங்கையிடம் சென்னியப்பனின் குறட்டையைப் பற்றியும் குணத்தைப் பற்றியும் சொன்னதெல்லாம் அவர் கடையில் உட்கார்ந்தே கேட்டார். காதில் பஞ்சை அடைத்தார்கள், மெழுகை ஊற்றினார்கள், துண்டால் தலையைச் சுற்றிக் கட்டினார்கள். எதுவும் தடுக்கவில்லை, உறுத்தவும் இல்லை, அதுதான் கொடுமை, ஒரு வலி இருந்தாலாவது அதைத் திட்டிக்கொண்டு இருக்கலாம். பேசுவதை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பொழுதுகூட அந்த ஊரால் அது முடியவில்லை. அண்ணன் தம்பிகள் குறுக்குச் சுவர் எழுப்பினார்கள், நிச்சயமான கல்யாணங்கள் நின்றன, வியாபாரிகள் சங்கம் ஒரே கூட்டத்தில் ஏழாக உடைந்தது. பழையபடி வசதியாக ஒருவரையொருவர் வெறுப்பதற்கு மறைவு வேண்டியிருந்தது, மறைவு இல்லாமல் போய்விட்டது.

கோகிலவாணிக்கும் எல்லாம் கேட்டது. தன்னைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொல்கிறார்கள் என்று தெளிவாகக் கேட்டது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இப்போது ஊருக்கு ஒரு குறை தேவைப்பட்டது. இடக்காது மந்தம் என்று அவள் சொல்லமாட்டாளா, இரண்டு காதும் மந்தம் என்று சொன்னால் அவளுக்குக் கோயிலே கட்டலாமே என்று ஏங்கினார்கள். ஆனால் சத்தியத்தை மீறு என்று கேட்கிற வாய்க்கு வம்சம் தழைக்காது. எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் ஊருக்கே கேட்டுவிடும், ஆத்தாளுக்குக் கேட்காமல் இருக்குமா? ஆகையால் வாயால் கேட்காமல் செய்துபார்த்தார்கள். டீக்கடையிலிருந்து புது டம்ளரில் டீ வந்தது, பால்காரர் கேட்காமலே பால் ஊற்றினார், அம்சவேணி தன் கையால் இட்லியும் தக்காளிச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். சென்னியப்பன் கடை நாற்காலியைத் தலையில் தூக்கிவந்து அவள் அறை வாசலில் போட்டுவிட்டுப் போனார். கோகிலவாணி எல்லாவற்றையும் சாப்பிட்டாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், வாயைத் திறக்கவில்லை.

ஒரு காலையில் ஊரே அவள் வாசலுக்கு வந்தது. சென்னியப்பன் முன்னால் வந்து, தன் கிடங்கிலேயே மட்டமான செட்டை இரண்டு கையாலும் நீட்டினார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாச்சிமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அம்சவேணியின் கண்ணில் தண்ணீர் நின்றது, அது நிஜத் தண்ணீர்.

கோகிலவாணி அதை வாங்கினாள். குமிழைத் துடைத்துக் காதில் திருகி வைத்துக்கொண்டு, நாயனத்தை முழுதாகக் கேட்டாள், செய்தியை முழுதாகக் கேட்டாள், மழையை முழுதாகக் கேட்டாள். அவ்வளவு நேரமும் அவள் உதட்டையே பார்த்தபடி ஊர் நின்றது. அத்தனை பேருடைய மூச்சும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது, யாருக்கு இளைப்பு, யாருக்குச் சளி என்பது வரை. பிறகு கழற்றினாள், வயரைச் சுற்றினாள், சென்னியப்பனின் கையில் வைத்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அந்தச் செட் அவள் வாழ்நாளில் கேட்டதிலேயே கேடுகெட்டது. இரண்டு பக்கமும் செவிடு, காதில் நிற்கவும் நிற்காது, தொட்டால் கழன்று விழும். அதை அவள் கதவில் சாய்ந்து நின்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், ஒரு தரத்துக்கு இரண்டு தரமாக, ருசித்துச் சொல்லிக்கொண்டாள். எல்லாம் கேட்கிற அந்த ஊருக்கு அது ஒன்று மட்டும் கேட்கவில்லை.